லிஃப்ட்காரர் பாக்கி வைத்த வேலை

மத்தியானம் இரண்டு மணி. சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்குக்கு மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. இதயக் குழாய்களில் அடைப்பு. நாளைக் காலையே அறுவை சிகிச்சை. சாயங்காலத்துக்குள் வந்து சேர்ந்துவிட வேண்டும். "சரிங்க, சரிங்க" என்று போனை வைத்தவர், நேரே குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

போட்டவர் போட்டவர்தான். மகள் கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்தாள்.

"நான் வரலை. அறுத்துத்தான் சாகணும்னு என்ன தலையெழுத்து? இப்படியே இருந்துட்டுப் போறேன்."

அது அவர் குரல் மாதிரியே இல்லை.

ஆயுசு முழுக்கக் கதவுக்கு வெளியே நின்று பேசியே பிழைத்த மனிதர். இரண்டு மாடிக்கு நடுவே லிஃப்ட் நின்று உள்ளே யாராவது அலறினால், கருவிப் பையைத் திறக்குமுன் வாயைத் திறப்பார். 'பயப்படாதீங்க' என்று மட்டும் சொல்ல மாட்டார். "அப்படிச் சொன்னா, பயப்பட ஏதோ இருக்குன்னு நாமளே காட்டிக் குடுத்த மாதிரி" என்பார். பதிலாக ஒரு வேலை வைப்பார். ஒருமுறை ஒரு வங்கி மேலாளரை ஷூவைக் கழற்றிக் கயிறு கோக்க வைத்துவிட்டார். கதவு திறந்தபோது அந்த மனிதர், "கொஞ்சம் பொறுங்க, இன்னும் ஒரு ஓட்டைதான்" என்றாராம்.

இந்தக் கதையைக் கேட்டுக் காது புளித்துப்போன மனைவிக்கு இப்போது அதுவே கைகொடுத்தது. மகளை நகரச் சொல்லிவிட்டுக் கதவோடு ஒட்டி உட்கார்ந்தாள்.

"ஏங்க, உள்ள சும்மாவா இருக்கீங்க? அந்தக் குழாய் சொட்டிக்கிட்டே இருக்கே. ஊர் லிஃப்டுக்கெல்லாம் வைத்தியம் பாக்கறீங்க, நம்ம வீட்டுக் குழாய் என்ன பாவம் பண்ணுச்சு?"

உள்ளே குழாயைத் திருகிப் பார்க்கும் சத்தம் கேட்டது. பிறகு, "என்கிட்டயே என் வித்தையைக் காட்டறியா?"

"வேற யார்கிட்ட காட்ட? கட்டிக்கிட்டது உங்களைத்தானே."

தாழ்ப்பாள் விலகியது. ஒரு கை மட்டும் வெளியே நீண்டது. "ஸ்பானரைக் குடு."

குழாயைப் பிரித்துப் புது வாஷர் போட்டார். கைப்பிடியை மட்டும் மாட்டாமல் சோப்புப் பெட்டியில் வைத்துவிட்டு எழுந்தார்.

"இதை வந்து மாட்டிக்கறேன். யாரும் தொடக் கூடாது."

"நீங்க வர்ற வரைக்கும் தண்ணிக்கு?"

"சமையலறையிலேருந்து தூக்கு. நான் வரமாட்டேன்னு தோணுச்சுன்னா பிளம்பரைக் கூப்பிடு."

அவள் கூப்பிடவில்லை. அவரும் நெஞ்சில் தையலோடு திரும்பி வந்து, முதல் காரியமாகக் கைப்பிடியை மாட்டினார்.

அதன் பிறகு மருத்துவமனைக்குப் போகும்போதெல்லாம் வீட்டில் எதையாவது அரைகுறையாகக் கழற்றிப் போட்டுவிட்டுப் போவது அவர் வழக்கமாயிற்று. "உள்ள போறவனுக்கு வெளியே ஒரு வேலை காத்திருக்கணும்" என்பார். "இன்னைக்கு எதைக் கழட்டி வச்சிருக்கீங்கப்பா?" என்று மகள் கிண்டல் செய்வாள். பயமே இல்லையா என்றும் ஒருநாள் கேட்டாள்.

"ஏன் இல்லாம? அது பாட்டுக்கு ஒரு பக்கம் உக்காந்திருக்கும்மா. நான் என் வேலையைப் பாக்கறேன்."

போன வாரம் மூச்சிரைப்போடு போனவர், படுக்கையில் தள்ளிக்கொண்டு போகும்போதுகூட, "இந்த லிஃப்ட் கதவு முனகுது, யாருகிட்டயாவது சொல்லுங்க" என்றார். மறுநாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

சமையலறை அலமாரியின் இடது கதவு மேல் கீலில் மட்டும் நிற்கிறது. கீழ்க் கீலுக்கான ஸ்க்ரூக்கள் ஒரு கிண்ணத்தில் இருக்கின்றன.