ஆடி மாதத்தில் விடுப்பு எடுத்த விற்பனைப் பெண்

நான் சமூகப்பணி முதுகலை மாணவி. தி.நகர் துணிக்கடைகளில் வேலை செய்யும் பத்துப் பெண்களிடம் பேசி அறிக்கை எழுத வேண்டும். ஆறு பேரோடு பேசியதுமே எனக்கு அலுத்துவிட்டது. மீதி நான்கு பேட்டிகளை ஏ.ஐ.யிடம் கேட்டேன். நிமிடத்தில் எழுதிக் கொடுத்தது, அழகான பெயர்கள் வேறு!

சமர்ப்பிப்பதற்கு முன், பேட்டி கொடுத்த செல்வி அக்காவிடம் சம்மதக் கையெழுத்து வாங்கக் கடைக்குப் போனேன். அறிக்கையைப் புரட்டியவர் ஒரு பக்கத்தில் சிரித்துவிட்டார்.

"இன்னாம்மா இது? ஆடி மாசம் லீவு போட்டு ஊருக்குப் போனாளாம். தள்ளுபடி சமயத்துல ஞாயித்துக்கெழமகூட எங்களுக்கு லீவு கெடையாது. யாரு இவ?"

"அப்படி யாருமே இல்லக்கா" என்று உண்மையைச் சொன்னேன்.

அவர் சிரிப்பு நின்றது. "இத படிக்கிறவங்க, இவளுங்களுக்கு இன்னா கொறைச்சல்னுதானே நெனைப்பாங்க? நாங்க இத்தினி பேரு இங்கயே நின்னுகினு கீறோம். கேட்டா சொல்லமாட்டமா?"

அந்தப் பக்கங்களை அங்கேயே கிழித்தேன். மறுநாள் டீ நேரத்தில் அவரே நான்கு தோழிகளை அழைத்து வந்தார்.

இப்போதும் ஏ.ஐ.யைப் பயன்படுத்துகிறேன், பிழை திருத்துவதற்கு மட்டும். அதையும் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுகிறேன். பேட்டி கொடுத்தவருக்குப் படித்துக் காட்டாமல் எதையும் கல்லூரிக்குக் கொண்டுபோவதில்லை.

அந்த நால்வரில் ஒருவர் சொன்னதுதான் என் அறிக்கையின் முதல் வரி: "ஆடி வந்தா ஒரு சைஸ் பெரிய செருப்பு வாங்கிடுவேன். நின்னு நின்னு கால் வீங்கிடும்."