சீமாட்டிக்கு வைத்த நேர்த்தி

“ஏட்டி, எலி ஒண்ணுக்குப் போகலைன்னு அம்மங்கிட்ட மனு குடுக்கப் போறியாக்கும்? ஆத்தாளுக்கு வேற சோலி இல்லையா?”

என் சித்தப்பா கேட்ட கேள்வி இது. அன்று எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. இன்று சிரிப்புத்தான் வருகிறது. அது எப்படி என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். நம்பிக்கை உள்ளவர்கள் கேட்டுக்கொள்ளுங்கள். இல்லாதவர்களும் கேட்கலாம்.

எங்கள் வீட்டில் முதன்முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். அதோடு நிற்காமல் திருநெல்வேலியில் விலங்கியல் படித்துப் பட்டமும் வாங்கினேன். அப்பா ஆடு மேய்ப்பவர். அம்மா சங்கரன்கோவில் சந்தையில் கீரை விற்கிறவள். கல்லூரியை முடித்து வரும்போது பரிசோதனைக் கூடத்தில் மிச்சமிருந்த ஒரு கினிப்பன்றியையும் கேட்டு வாங்கிவந்தேன். பழுப்பும் வெள்ளையுமாகக் கையடக்கமாக இருக்கும். தெருவில் எல்லோருக்கும் அது சீமை எலி. சீமையிலிருந்து வந்தவள் என்று அம்மா ‘சீமாட்டி’ என்று பெயர் வைத்தாள். சாயங்காலம் சந்தையிலிருந்து கூடை இறங்குகிற சத்தம் கேட்டால் போதும், பெட்டிக்குள்ளிருந்து விசில் அடிப்பாள்.

சித்திரையில்தான் முதல் துன்பம் வந்தது. சீமாட்டி சிறுநீர் கழிக்கும்போதெல்லாம் முதுகைக் கூனிக்கொண்டு கீச்சென்று கத்தினாள். பெட்டியில் விரித்திருந்த சாக்கில் ஈரம் காய்ந்த இடம் சுண்ணாம்பு தீற்றியதுபோல வெளுத்திருந்தது. பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரைக் கழுவி, பார்லித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாகப் புகட்டினேன். நாலு நாளில் சரியானாள். ‘படிப்பு என்றால் சும்மாவா’ என்று தலைநிமிர்ந்து நடந்தேன்.

ஆனியில் மறுபடியும் வந்தது. இந்த முறை சாக்கில் இளஞ்சிவப்புக் கறை. கூடையில் வைத்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். வரிசையில் எனக்கு முன்னால் ஓர் எருமை, பின்னால் ஒரு கிடாய். டாக்டர் சிரிக்காமல் சோதித்தார்.

“மூத்திரப் பையில சுண்ணாம்பு சேருதும்மா. கிடாய்க்கு வருமே, அதே மாதிரிதான். என்ன தீனி போடுதிய?”

“புல்லு, கேரட்டு, நல்ல சத்தான கீரை சார். நான் விலங்கியல் படிச்சிருக்கேன்” என்றேன். கேட்டதற்குப் பதில் பாதி, பெருமை பாதி. படித்த பெண்தானே என்று அவரும் எந்தக் கீரை என்று கேட்கவில்லை. மருந்து கொடுத்தார். குணமானாள்.

ஆடியில் மூன்றாவது முறை. ஒரு வெள்ளிக்கிழமை காலையிலிருந்து ஒரு சொட்டுகூட இறங்கவில்லை. வயிறு கல்போல் இருந்தது. புல்லை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டர் இருந்த மருந்தைக் கொடுத்துவிட்டு, “நாளைக்குள்ள இறங்கலைன்னா ஒண்ணும் செய்ய முடியாதும்மா” என்றார். நான் படித்த புத்தகங்களை எல்லாம் புரட்டினேன். கினிப்பன்றியை எப்படி அறுப்பது என்று பக்கம் பக்கமாக இருந்தது. எப்படிப் பிழைக்க வைப்பது என்று ஒரு வரியும் இல்லை.

அன்று சாயங்காலம் அம்மாவும் நானும் கோயிலுக்குப் புறப்பட்டபோதுதான் சித்தப்பா அந்த வார்த்தையைச் சொன்னார். அம்மா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கோமதியம்மன் சந்நிதியில் நின்றோம். நான் சீமாட்டியின் உருவை வெள்ளியில் செய்து உண்டியலில் போடுவதாக வேண்டிக்கொண்டேன். ‘எனக்கு எல்லாம் தெரியும் என்றிருந்தேன் தாயே, ஒன்றும் தெரியவில்லை, வழி காட்டு’ என்றேன். அம்மா வாய்விட்டே சொன்னாள்: “ஆத்தா, சீமாட்டி பிழைச்சு, இந்தப் பிள்ள நேர்த்தியச் செலுத்துத வரைக்கும் அகத்திக்கீரை என் வீட்டு வாசப்படி ஏறாது.”

நான் திடுக்கிட்டேன். அகத்திக்கீரை என்றால் அம்மாவுக்கு உயிர். அமாவாசைதோறும் பசுவுக்கு ஒரு கட்டு கொடுத்துவிட்டு, தனக்கு ஒரு கட்டு வதக்குவாள். மிகவும் பிடித்ததைத்தானே சாமிக்காக விட வேண்டும்!

கோயிலில் கொடுத்த புற்றுமண்ணை வீட்டுக்கு வந்ததும் சீமாட்டியின் நெற்றியில் இட்டோம்.

மறுநாள் காலை அம்மாவின் குரல்தான் என்னை எழுப்பியது. “ஏட்டி, ஓடி வா! சாக்கு நனைஞ்சிருக்குடீ!” நனைந்த சாக்கில் கடுகளவு ஒரு வெள்ளைக் கல். சீமாட்டி என்னைப் பார்த்து விசில் அடித்தாள். மூத்திரச் சாக்கை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதவள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

ஆவணி, புரட்டாசி இரண்டு மாதமும் ஒரு குறையும் இல்லை. ஐப்பசி பிறந்ததும் உரு வாங்கப் போனேன். கடையில் பாம்பு இருந்தது, தேள் இருந்தது, கண் இருந்தது, கால் இருந்தது. கினிப்பன்றி இல்லை.

“பெருச்சாளி தரட்டா தாயி? பிள்ளையார் வாகனம்” என்றார் கடைக்காரர்.

“வால் இருக்கே அண்ணாச்சி. எங்களுக்கு வால் கிடையாது.”

“அம்புட்டுத்தானே?” கத்தரியை எடுத்து வாலை நறுக்கிக் கொடுத்துவிட்டார்.

நேர்த்தி முடிந்தது. அம்மா ஆசையோடு ஒரு கட்டு அகத்தியைக் கொண்டுவந்து, முதல் கொத்தைச் சீமாட்டிக்குத்தான் போட்டாள். பிறகு தினமும் சந்தையில் மிஞ்சியதெல்லாம் அவளுக்கே. பத்தே நாளில் மறுபடியும் அந்தக் கீச்சுச் சத்தம்.

எனக்கு அம்மன்மேல் கோபம் வந்தது. காணிக்கையை வாங்கிக்கொண்டு கைவிட்டுவிட்டாயா என்று படத்தைப் பார்த்துக் கேட்டேன். அம்மாவோ தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். “வெரதத்த முடிச்சதுதான் தப்போ? அதுவரைக்கும் நல்லாத்தான இருந்தா?”

எனக்குச் சுரீர் என்றது. விரதம் என்றால் எது? அகத்தி. வாசற்படி ஏறாத வரை சுகம், ஏறியதும் நோய். கூடையோடு ஓடினேன்.

“அகத்தியா போட்டிய, அதுவும் தினமும்?” டாக்டர் நெற்றியில் தட்டிக்கொண்டார். “அதுல சுண்ணாம்புச் சத்து ரொம்ப இருக்கும்மா. கறவைப் பசுவுக்கு நல்லது. இத்தனூண்டு பிராணி அத என்ன செய்யும்? பைக்குள்ளதான் சேரும். அத நிறுத்திட்டு அருகம்புல்லக் குடுங்க.”

பசுவுக்குக் கொடுத்தால் புண்ணியம், இதற்கும் புண்ணியம்தான் என்று நாங்கள் அள்ளி அள்ளிப் போட்டிருக்கிறோம்! நிறுத்தினோம். நாலாவது நாள் சீமாட்டி பெட்டிக்குள் துள்ளினாள். அதற்குப் பின் கோயிலில் இரண்டு ஆடித்தபசுத் திருவிழா வந்து போய்விட்டது. சாக்கில் வெள்ளைத் தீற்றல் இல்லை.

சித்தப்பா விடுவாரா? “அப்போ குணமாக்குனது கீரைய நிப்பாட்டுனதுதான? அம்மன் எங்க வந்தா?”

“எத்தனையோ இருக்க, அம்மாவுக்கு அகத்திய விடணும்னு தோண வச்சது யாரு சித்தப்பா?”

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரிட்டி, காப்பி இருந்தாக் குடு” என்றார்.

அம்மா கற்பூரத்துக்குக் கண்மூடி நின்ற நேரத்தில் வந்த வழி, பட்டம் வாங்கிய எனக்கு வரவில்லை. இப்போதும் என் படிப்பில் எனக்குப் பெருமை உண்டு. ஆனால் யாராவது கேள்வி கேட்டால், பெருமையைச் சொல்வதற்கு முன்னால் பதிலை முழுதாகச் சொல்கிறேன். உங்களுக்கும் ஒரு கஷ்டம் வந்து, அது சின்ன விஷயம் என்று பிறர் சிரித்தால், வெட்கப்படாமல் ஆத்தாளிடம் சொல்லுங்கள். டாக்டரிடமும் சொல்லுங்கள். எந்தக் கீரை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அம்மா இப்போது அகத்திக்கீரையைப் பெரியம்மா வீட்டில் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருகிறாள். நான் மாட்டாஸ்பத்திரி டாக்டரிடம் கேட்டு, கால்நடை ஆய்வாளர் பயிற்சிக்கு விண்ணப்பத்தை எழுதி, போன திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போட்டுவிட்டேன். ரசீது அம்மன் படத்துக்குப் பின்னால் இருக்கிறது.