எண்ணெய் தராத ஒலிவம்

வேதாகமத்து மரங்களைப் பற்றி நான் கேட்ட பிரசங்கங்களை நட்டு வைத்தால் ஒரு காடாகும். கேதுரு என்றால் பெருமை. அத்தி என்றால் இஸ்ரவேல். ஒலிவம் என்றால் சமாதானமும் அபிஷேகமும். ஒவ்வொரு மரத்திலும் ஒரு பொருளை ஆணியடித்து மாட்டிவிட்டால் பிறகு மரத்தைப் பார்க்கவேண்டிய தொல்லை இல்லை. எங்கள் கண்டிப் போதகர்களில் கேதுருவைக் கண்டவர் ஒருவரும் இலர். அதற்காக அவர்களுடைய குரல் சற்றும் தாழ்ந்ததில்லை.

அம்பிட்டியச் சரிவில் இருந்த எங்கள் சிறிய தமிழ்ச் சபைக்கு மட்டும் ஒரு வேதாகம மரம் கோவில் வளவிலேயே நின்றது. கோவிலைக் கட்டிய வெள்ளைக்காரப் பாதிரியார் அதன் பச்சைக் காயைப் பார்த்து ஒலிவம் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினாராம். அது வெரளிமரம். கண்டிச் சந்தையில் கூடை கூடையாக விற்கும் வெரளிக்காய் அதில் காய்த்தது. அதை உப்பும் மிளகாய்த்தூளும் இட்டு வாரம் முழுதும் தின்றவர்களே ஞாயிற்றுக்கிழமைகளில் அண்ணாந்து பார்த்து ஒலிவம் என்றார்கள். நாக்கு அறிந்ததை மூளைக்குச் சொல்லாமல் வாழும் கலையை எங்கள் சபையார் நன்கு பயின்றிருந்தார்கள்.

என் மனைவிக்கு அந்தக் கலை வரவில்லை. ஒவ்வொரு பருவமும் அதன் காயில் அச்சாறு போடுவாள்.

“நோவாவின்ரை புறா இதைக் கொத்தியிருந்தால் பல்லுக் கூசிப் பேழைக்குத் திரும்பியிராது” என்றாள் ஒருமுறை.

“புறாவுக்குப் பல் இல்லை” என்றேன்.

“அதாலைதான் தப்பினது. நீங்கள் தப்பேலாது, தின்னுங்கோ.”

மலேரியா வீடுவீடாகப் புகுந்த ஆண்டில் அவளும் போனாள். அந்த மரத்தடியில் அடக்கம் செய்தோம். இதைப் பற்றி இதற்குமேல் எழுதுவதாக இல்லை.

அடுத்த ஆண்டு யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு புதிய போதகர் வந்தார். அறுப்பின் பண்டிகைக்குப் பலிபீட விளக்கைச் சபையின் சொந்த ஒலிவ எண்ணெயில் ஏற்றவேண்டும் என்பது அவருக்கு உதித்த முதல் யோசனை. சபை மூப்பர் ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டமொன்றில் கணக்கப்பிள்ளை. தொழிலாளரை மேய்த்துப் பழகியவர். இரண்டு சாக்கு வெரளிக்காயை அவரே முன்னின்று பறிப்பித்தார். உரலில் இடித்தார்கள், துணியில் கட்டிப் பிழிந்தார்கள், அவித்துப் பார்த்தார்கள். கிடைத்தது ஒரு புளித்த கூழ். அதில் திரியை இட்டுப் பற்றவைக்கவும் முயன்றார்கள் என்பதை நான் நேரில் கண்டிராவிட்டால் நம்பியிருக்கமாட்டேன். திரி அணைந்தது. விசுவாசம் அணையவில்லை, அடுத்த ஞாயிறே அந்த மரம் சபிக்கப்பட்டது என்று பிரசங்கம் நடந்தது. கனி கொடாத மரத்துக்குக் கோடரியும் நெருப்பும் என்று போதகர் முடித்தார். வரும் சனிக்கிழமை வெட்டுவதாக ஆராதனைக்குப் பின் தீர்மானித்தார்கள்.

நான் எழுந்தேன். “ஐயா, இது வெரளி. வெரளியிலை எண்ணெய் இல்லை. மரத்திலை பிழையில்லை.”

“அப்ப, கோயில் கட்டின பாதிரியார் தொரை பொய் சொன்னாருங்களா?” என்றார் கணக்கப்பிள்ளை.

“பிழை விட்டிருக்கலாம்.”

கோவிலுக்குள் யாரோ காறித் துப்பியதுபோல அனைவரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு துரை தவறினார் என்று ஒப்புவதைவிட ஒரு மரம் பாவம் செய்தது என்று நம்புவது அவர்களுக்கு எளிதாக இருந்தது.

“மாஸ்டர், உங்கடை துக்கம் எங்களுக்கு விளங்குது” என்றார் போதகர், என் தோளைத் தொட்டு. அவருடைய கையை நான் விலக்கவில்லை. அது அகலும்வரை காத்திருந்தேன். உண்மை அங்கே விலைபோகாது என்பது தெளிவாகிவிட்டது. அவர்களுடைய சரக்கையே கடைவிரித்தேன்.

“கனி கொடாத அத்திமரத்துக்குத் தோட்டக்காரன் இன்னுமொரு வருஷம் கேட்டானே. கொத்தி எருப்போடுறன் எண்டு சொன்னானே. அதை நீங்கள் வாசிக்கிறேல்லையோ?”

“அது அத்தி, மாஸ்டர். இது ஒலிவம்.”

“இஸ்ரவேலுக்குக் குடுத்த தவணை சமாதானத்துக்கு இல்லையோ?”

மரத்துக்கொரு பொருள் சொல்லும் போதகருடைய அகராதி அவரையே கடித்துவிட்டது.

“யாருங்க கொத்துறது?” என்று கேட்டார் கணக்கப்பிள்ளை.

“நான்.”

பின்வரிசையில் யாரோ சிரித்தார். கல்லூரியில் இலத்தீன் கற்பிப்பவன் மண்வெட்டி பிடிப்பதை எண்ணிச் சிரித்திருக்கவேண்டும். ஆனாலும் ஓராண்டு கிடைத்தது.

அச்சனிக்கிழமை கோடரி வரவில்லை; ஒரு வண்டி மாட்டுச் சாணம் வந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாலைவரை கொத்தினேன். மறுநாள் அதன் வாசம் பலிபீடம்வரை சென்றது. பெண்கள் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினார்கள். கணக்கப்பிள்ளை கைலேஞ்சியால் மூக்கைப் பொத்திக்கொண்டு சங்கீதம் பாடினார். அன்று தூபவர்க்கத்தின் உட்பொருளை விளக்க ஆயத்தமாக வந்திருந்த போதகர் அதை மிகச் சுருக்கமாக விளக்கினார். வேதத்தின்படியே இடப்பட்ட எரு ஆதலால் ஒருவராலும் ஆட்சேபிக்க முடியவில்லை.

ஆண்டு முடிந்ததும் போதகர் என்னிடம் வந்தார்.

“தவணை முடிஞ்சுது, மாஸ்டர்.”

“அந்த உவமையிலை வருஷம் முடியப் பிறகு என்ன நடந்தது, ஐயா? வெட்டினாங்களோ?”

அவர் வேதாகமத்தை விரித்தார். விரலை வரிக்கு வரி இறக்கினார். அடுத்த பக்கத்தைத் திருப்பி, மீண்டும் முன்பக்கத்துக்கே வந்தார்.

“ஒண்டும் சொல்லேல்லை” என்றார் இறுதியில், உண்மையாகவே திகைத்து.

“சொல்லாததை நாங்கள் செய்யக்கூடாது, என்ன?”

“ஓம்” என்றார். கணக்கப்பிள்ளையிடமும் அதையே சொல்லியிருக்கவேண்டும். மரத்தைப் பற்றி எவரும் பிறகு பேசவில்லை. மனைவி காய்ச்சலில் கிடந்தபோது அவளுக்காக ஒரு வருடத் தவணை கேட்க எனக்கு ஒரு வரியும் அகப்படவில்லை; கேட்பதற்கு எதிரே ஆளும் இருக்கவில்லை.

போதகர் வந்துபோன அன்று பிற்பகல் மீண்டும் எரு இறக்கினேன். மரத்தின் மூன்று பக்கமும் ஆழக் கொத்தினேன். அவள் கிடக்கும் பக்கத்தில் மட்டும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு, எருவைக் கையால் மேலாகப் பரப்பினேன்.