ரஃபியாக்கா வீட்டுத் தலைப் பெருநாள்

திண்டுக்கல்லில் ஒரு ஜவுளிக்கடை. அதில் சுங்குடிச் சேலைப் பிரிவில் நானும் ரஃபியாக்காவும் பக்கத்துப் பக்கத்துக் கவுண்டர். அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. புருஷன் இறந்த பிறகு பேகம்பூரிலிருந்து தினமும் நடந்தே வந்து, நாள் முழுக்க நின்றபடி சேலை விரித்துக் காட்டி, ஒரே மகளை ஆளாக்கிக் கட்டிக்கொடுத்தவர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. அவருக்கும் சேர்த்து நான்தான் கத்துவேன்.

வருஷா வருஷம் கடையில் அவரிடம் யாராவது கேட்பார்கள்: "அக்கா, இப்ப வர்றது பெரிய ரம்ஜானா, சின்ன ரம்ஜானா?"

அக்காவும் சளைக்காமல் சொல்வார். "ரம்ஜாங்கிறது மாசத்துப் பேரும்மா. மாசம் பூரா நோன்பு. அது முடிஞ்சு பிறை தெரிஞ்சா நோன்புப் பெருநா. ஹஜ்ஜு மாசத்துல வர்றது ஹஜ்ஜுப் பெருநா. அம்புட்டுத்தான், வருசத்துக்கு ரெண்டே பெருநா."

கேட்டவர்கள் பெரிதாகத் தலையாட்டிவிட்டு, "பிரியாணி எந்த ரம்ஜானுக்கு?" என்பார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அக்கா சிரித்துவிட்டு, பெருநாளுக்கு மறுநாள் பெரிய தூக்குச்சட்டியோடு வந்து எல்லாருக்கும் பரிமாறுவார். அதில் முதல் தட்டு எங்கள் சூப்பர்வைசர் வேலுமணிக்கு.

இந்த வருஷம் அக்கா மகள் ஜெசிமாவுக்குத் தலைப் பெருநாள். கல்யாணமாகி வரும் முதல் பெருநாளுக்கு மாப்பிள்ளையும் பெண்ணும் பெண் வீட்டுக்கு விருந்துக்கு வருவார்கள். மாப்பிள்ளை வடமதுரைக்காரர். தன் ஊர்ப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு, ஜெசிமாவோடு மதியச் சோற்றுக்கு வருவதாக ஏற்பாடு. மாமனார் இல்லாத வீடு. வாசலில் நின்று "வாங்க மாப்ள" என்று சொல்வதற்கும், பக்கத்தில் இருந்து பார்த்துப் பார்த்துப் பரிமாறுவதற்கும் அக்காவை விட்டால் ஆளில்லை. நோன்பு தொடங்கியதிலிருந்து அவருக்கு வேறு பேச்சே இல்லை.

கடை காலண்டரில் வெள்ளிக்கிழமை ரம்ஜான் என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. அதைப் பார்த்து வேலுமணி அக்காவுக்கு அன்றைக்கு லீவு போட்டிருந்தான். வியாழக்கிழமை சாயங்காலம் கடை மொட்டை மாடியில் அக்கா பேரீச்சம்பழம் தின்று நோன்பு திறந்தார். நானும் கூட நின்றேன். மேற்கே ஒரே மேகம். கழுத்து வலிக்கப் பார்த்தும் பிறை தெரியவில்லை. கொஞ்ச நேரத்தில் போன் வந்தது. எங்கேயும் பிறை தெரியவில்லையாம். வெள்ளிக்கிழமையும் நோன்பு, சனிக்கிழமைதான் பெருநாள்.

அக்கா நேரே வேலுமணியிடம் போனார். "தம்பி, நாளைக்கு வேலைக்கு வாரேன். லீவ சனிக்கிழமைக்கு மாத்திக் குடுப்பா."

"அடுத்த வாரம் முகூர்த்தம்க்கா. சனிக்கிழமை கூட்டம் அள்ளும். ஒருத்தருக்கும் லீவு கிடையாது."

"பெருநா அன்னைக்குத்தானப்பா."

"காலண்டர்ல வெள்ளிக்கிழமைதான போட்டிருக்கு? நிலா வரலைன்னா நான் என்ன செய்ய? நாளைக்கே கொண்டாடிருங்க."

"நாளைக்கு நோன்புப்பா. நோன்பு வச்சுக்கிட்டு எப்பிடிப் பெருநா கொண்டாடுறது?"

"ஒரு நாள் முன்ன பின்ன ஆனா என்னக்கா? எல்லாம் ரம்ஜான்தான."

என்னால் பொறுக்க முடியவில்லை. "அவங்க கவுண்டரையும் நான் பாத்துக்கிறேன். மக தலைப் பெருநா அய்யா, விடுங்க" என்றேன்.

"நீ சும்மா இரு, செல்வி. இன்னைக்கு இவங்களுக்கு மாத்துனா நாளைக்கு ஆளாளுக்கு மாத்தச் சொல்லுவாங்க. சனிக்கிழமை வராதவங்க அப்புறம் வரவே வேணாம்."

எங்கள் கிறிஸ்துமஸ் டிசம்பர் இருபத்தைந்தை விட்டு நகராது. அதனால் யாரிடமும் நான் இப்படிக் கெஞ்சியதில்லை. வானத்தைப் பார்த்து வரும் நாளுக்கும் வேலுமணியின் அனுமதி வேண்டியிருக்கிறதே என்று எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. அக்கா விரித்துப் போட்டிருந்த சேலைகளை ஒவ்வொன்றாக மடித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் கடை வாட்ஸ்அப் குரூப்பில் வேலுமணி பிறையும் பிரியாணியும் போட்ட படத்தை அனுப்பினான். "ரஃபியா அக்காவுக்கு இனிய ரம்ஜான் நல்வாழ்த்துகள்." ஆளுக்கொரு கும்பிடு போட்டார்கள். அந்த நேரத்தில் அக்கா பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல், ஆள் வராத வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

சனிக்கிழமை விடிவதற்கு முன்பே எழுந்து சமைத்து, வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு, சரியான நேரத்துக்குக் கடைக்கு வந்தார். யூனிபார்ம் சேலைதான். கையில் மட்டும் புதிதாக மருதாணி. கல்யாண வீட்டுக்காரர்கள் கூட்டமாக வந்து சேலைகளைக் கலைத்துப் போட்டார்கள். "ஏம்மா, செத்த நேரம் சிரிச்ச முகமா எடுத்துக் காட்டக் கூடாதா?" என்று ஒரு அம்மாள் அக்காவைக் கேட்டார். நான் கையில் இருந்த சேலையைக் கவுண்டரில் அடித்துப் போட்டேன்.

மதியம் வாட்ச்மேன் வந்து, பின்வாசலில் யாரோ தேடுவதாகச் சொன்னார். நானும் அக்காவோடு போனேன். புதுச் சட்டையும் தொப்பியுமாக மாப்பிள்ளை. பக்கத்தில் ஜெசிமா. அம்மா வீட்டில் சமைத்து வைத்திருந்ததைத் தூக்குச்சட்டியில் எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"நீங்க இல்லாம அங்க எப்பிடி மாமி சாப்பிடுறது?" என்றார் மாப்பிள்ளை.

அக்கா சுற்றிலும் பார்த்தார். "இங்க உக்கார ஒரு நாற்காலிகூட இல்லையே மாப்ள."

குடோன் படிக்கட்டில், அட்டைப் பெட்டிகளை ஒதுக்கிவிட்டு இருவரையும் உட்காரவைத்தார். தட்டைக் கையில் கொடுத்துச் சோறு வைத்தார், கறி எடுத்து வைத்தார். "இன்னும் கொஞ்சம் வச்சுக்கங்க" என்று அவர் சொன்னபோது உள்ளேயிருந்து, "ரஃபியாக்கா, கவுண்டர்ல ஆளில்ல!" என்று சத்தம் வந்தது. ஜெசிமா தலையைக் குனிந்துகொண்டாள். அவள் தட்டில் கண்ணீர் விழுந்தது.

தேடிக்கொண்டு வந்த வேலுமணிக்கு வாசனை பிடித்துவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. "அட, பிரியாணியா! நமக்கு ஒரு தட்டு கிடையாதாக்கா?"

அக்கா மாப்பிள்ளைக்கு இன்னொரு கரண்டி வைத்தார். பிறகு தூக்குச்சட்டியை அழுத்தி மூடினார். அவர் குரல் உயர்ந்ததை அன்றுதான் நான் கேட்டேன்.

"உங்க ரம்ஜான் நேத்தே முடிஞ்சு போச்சு தம்பி. இது எங்க பெருநாச் சோறு."