கடவில் நின்று கூவிய குரல்

இக்குறிப்பில் ஆட்பெயர் எதுவும் வராது, வீட்டுப்பெயரும் வராது. ஒரு பெயர் ஊரறியக் கிடந்ததால் நேர்ந்த இழப்பைச் சொல்லும்போது, அதே பெயரை அச்சிலும் ஏற்றுவது முறையாகாது. நான் கண்டதையும், என் தமக்கை தன் வாயால் சொன்னதையும், என் முன்னிலையில் நிகழ்ந்ததையும் மட்டுமே எழுதுகிறேன். அந்நாட்களில் ஊகங்கள் எங்கள் குடும்பத்துக்குள் புகுந்து செய்த தீங்கு போதும். என் பங்குக்கு ஒன்றைச் சேர்க்க எனக்கு மனமில்லை.

தமக்கையின் கணவர் வளைகுடா நாடொன்றில் கட்டுமான வேலையில் இருந்தார். விடுமுறைக்கு வந்த ஓராண்டில், பக்கத்து ஊரான கருங்கலில் புதிதாகத் திறந்திருந்த பிரௌசிங் சென்டருக்கு அவளை அழைத்துச் சென்று, தம் பெயரில் ஒரு மின்னஞ்சல் முகவரியைத் தொடங்கினார். இருவருக்கும் அது ஒன்றுதான். அங்கிருந்து அவர் தம் முகவரிக்கே கடிதம் எழுதுவார். இங்கே அவள் அதே பெட்டியைத் திறந்து படித்து, அதற்குள்ளேயே மறுமொழி இடுவாள். கணவனுக்கும் மனைவிக்கும் எதற்கு இரண்டு பெட்டி என்று கேட்பார்.

அன்று வீட்டில் அவர் பாஸ்வேர்டு, பாஸ்வேர்டு என்று சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டு, தமிழாசிரியனான நான், கடவுச்சொல் என்று ஒரு நல்ல சொல் இருப்பதை எடுத்துச் சொன்னேன். எங்கள் பக்கத்தில் கடவு என்றால் ஆற்றில் தோணி வந்து நிற்கும் துறை.

“கடவுல நின்னு ஆரு கூவினாலும் தோணிக்காரன் வருவான் அளியா. பின்ன அதுல என்ன ரகசியம் இருக்கு?” என்று மைத்துனனான என்னைக் கேட்டார் அவர்.

“பள்ளிக்கூடத்துல திருத்தினது போதாதுன்னு இஞ்சயும் வந்து செவப்பு மை போடுதான்” என்றாள் தமக்கை.

அவர் தேர்ந்தெடுத்த கடவுச்சொல், அவர்களுடைய வீடிருந்த விளையின் பெயர். எங்கள் மாவட்டத்தின் மேற்கு வட்டங்களில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் விளை என்று முடியும் ஒரு பெயர் உண்டு. அங்குக் குடியிருக்கும் மனிதனுக்கும் அதுவே பெயராகிவிடும். சந்தையில் அவரைக் கூப்பிட்டவர்கள் எல்லாரும் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். மனைவி எந்நாளும் மறக்க முடியாத சொல் என்று அவர் அதைக் கருதினார். மறந்தால் திறக்க உதவும் கேள்விக்கு விடையாகவும் அதையே வைத்தார்.

தமிழை ஆங்கில எழுத்தில் அடித்து எழுதுவார். எனக்கு அது உறுத்தும், அவளுக்கு உறுத்தவில்லை. ஒவ்வொரு கடிதமும் “ஏட்டி, சாப்பிட்டியா?” என்று தொடங்கும். எனக்குத் தெரிந்தது அந்த முதல் வரி மட்டுமே. மற்றதை அவள் எவருக்கும் காட்டியதில்லை. பிரிண்ட் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்று ஒருமுறை சொன்னேன். எடுத்தால் கடைக்காரர் கண்ணில் படும் என்று மறுத்துவிட்டாள்.

அவர் வேலையிடத்தில் நடந்த விபத்தில் இறந்தார். உடல் முத்திரையிட்ட பெட்டியில் வந்தது. திறக்க வேண்டாம் என்று உடன் வந்த தாளில் எழுதியிருந்தது. அவருடைய தாய் பெட்டியின் மேல் கையை வைத்தபடி உட்கார்ந்திருந்தார். திறக்காமலேயே கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுபோனோம்.

அதன்பின் ஞாயிறு தோறும் ஆராதனை முடிந்ததும் தமக்கை கருங்கலுக்குப் போவாள். பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் படித்துவிட்டுத் திரும்புவாள். ஒரு நாளைக்கு ஒன்றுதான்; தீர்ந்துவிடக் கூடாதென்று.

அடுத்த கோடை விடுமுறையில் அவளையும் அவள் மகளையும் ஒரு மலையூருக்கு அழைத்துப் போனேன். வீட்டைப் பூட்டி இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள். நகையை வங்கியில் வைத்தாள். சாவியைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்து, மாலையில் விளக்குப் போடச் சொன்னாள். வெளியூர் புறப்படுகிறவர்கள் செய்யவேண்டியவை என்று எங்கள் தாய் சொல்லிக்கொடுத்த யாவற்றையும் செய்தாள். அந்த மின்னஞ்சல் பெட்டிக்கு என்ன செய்யவேண்டும் என்பது எங்கள் தாய்க்குத் தெரிந்திருக்க வழியில்லை.

தங்கிய விடுதியின் பதிவேட்டில், எங்கள் ஊரார் எவரும் எழுதுவதுபோலவே, விளைப்பெயரோடு முகவரி எழுதினாள். ஞாயிறு வந்தது. வரவேற்பறையில் விருந்தினருக்கென்று ஒரு கணினி இருந்தது. மகளும் நானும் வெளியே நின்றிருந்தபோது அவள் அங்கே அமர்ந்து கடிதம் படித்தாள். பின்னால் யாரோ ஒருவர் இடத்துக்குக் காத்து நின்றதாகவும், அவரை நிறுத்திவைக்கக் கூச்சப்பட்டு, மூலையில் இருந்த பெருக்கல் குறியை அழுத்திவிட்டு எழுந்ததாகவும் பின்னர் சொன்னாள். திரையின் சன்னலைச் சாத்தியிருந்தாள், கணக்கிலிருந்து வெளியேறிக் கதவைப் பூட்டியிருக்கவில்லை. கருங்கலில் அந்த வேலையைக் கடைக்காரரே செய்துவிடுவார்.

ஊர் திரும்பிய சில நாட்களில், வளைகுடாவில் இருந்த உறவினர் ஒருவர் தமக்கையின் மாமியாரைத் தொலைபேசியில் அழைத்தார். இறந்தவரின் முகவரியிலிருந்து மடல் வந்திருக்கிறதாம். அயலூரில் அகப்பட்டுக்கொண்டேன், பையும் பாஸ்போர்ட்டும் களவு போயின, உடனே பணம் அனுப்பி உதவவேண்டும் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்ததாம். அழைத்தவர் கெட்டவர் அல்லர்; எச்சரிக்கத்தான் அழைத்தார். ஆனால் அந்தத் தாயின் காதில் எச்சரிக்கை விழவில்லை. மகனிடமிருந்து மடல் வந்தது என்பது மட்டும் விழுந்தது.

தமக்கையும் நானும் கருங்கலுக்கு ஓடினோம். பெட்டி திறக்கவில்லை. கடவுச்சொல்லை யாரோ மாற்றியிருந்தார்கள், கேள்வியையும் மாற்றியிருந்தார்கள். உரியவர் இறந்துவிட்டதைச் சான்றோடு நிறுவனத்துக்குத் தெரிவித்தால் முகவரியை நிரந்தரமாக மூடிவிடுவார்கள் என்றார் கடைக்காரர். உள்ளே இருப்பவை? அவை திரும்பக் கிடைக்கா. மூடாமல் விட்டால் என்றேனும் ஒரு வழி பிறக்கக்கூடும். உறுதி கூற முடியாது. தமக்கை யோசிக்க வேண்டும் என்று எழுந்துவிட்டாள். அவள் யோசித்தது எதைப் பற்றி என்று நான் கேட்கவேண்டியிருக்கவில்லை. அவள் கணவர் இன்னும் பேசிக்கொண்டிருந்த ஒரே இடம் அது.

இரண்டாம் மடலும் வந்தது. இம்முறை வேறோர் உறவினருக்கு. தமக்கையின் மாமியார் தொலைபேசியை மடியைவிட்டு இறக்காமல் இருந்தார். அது ஒலிக்காத வேளைகளில் காதில் வைத்துப் பார்த்தார். வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம், எப்படியாவது பணம் அனுப்பிவிடச் சொல்லிக் கெஞ்சினார். தமக்கை அவர் அருகே அமர்ந்து, ஆங்கிலத்தில் கடிதம் எழுதுகிற ஆளா அவர், சாப்பிட்டாயா என்று என்னைக் கேட்காமல் ஒரு வரியாவது எழுதியிருக்கிறாரா என்று பொறுமையாக எடுத்துச் சொன்னாள். முடிவில் அவளுக்கும் குரல் உடைந்தது.

“அது அவியளில்ல மாமி. களவாணிப் பயக்க. அவியள நாம கொண்டு அடக்கினோமில்லியா?”

“பெட்டியத்தான மக்கா அடக்கினோம்” என்றார் தாய். “எனக்க மொவனுக்க மொகத்த ஆரு கண்டா?”

தமக்கையும் அந்த முகத்தைக் கண்டதில்லை.

மறுநாள் காலையில் இறப்புச் சான்றிதழை எடுத்துக்கொண்டு என்னை அழைத்தாள். கடைக்காரர் மனுவை அடித்து முடித்து, அனுப்பலாமா என்று அவளைப் பார்த்தார்.

“ஒருக்கா பாத்துட்டு அடைக்க ஒக்குமா?” என்று கேட்டாள்.

முடியாது என்றார்.

“செரி. அடச்சிரும்.”

வெளியே வந்து பேருந்துக்கு நின்றபோது ஒன்று சொன்னாள்: “அவிய அண்ணைக்கே சொன்னாவ. கடவுல ஆரு கூவினாலும் தோணி வரும்னு.” நான் தலையசைத்தேன். கடவுச்சொல் என்ற சொல்லை வகுப்பில் கற்பிக்கும்போதெல்லாம் இன்றும் ஒரு கணம் நின்றுதான் மேலே செல்கிறேன்.

மடல்கள் நின்றன. தாய் சில வாரங்கள், மகனிடமிருந்து மடல் வந்ததா என்று கேட்டுக்கொண்டிருந்தார்; பிறகு ஒரு பிற்பகலில், எவரும் எதுவும் சொல்லாமலேயே, பெட்டி வந்த அன்று அழாத அழுகையை அழுதார். தமக்கை அவரைப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறுகளில் அவள் இப்போது கருங்கலுக்குப் போவதில்லை.

எனக்குத் தெரியாதவை இவை. அந்த முகவரியைக் கைப்பற்றியவர் யார் என்று தெரியாது. விடுதியில் மூடாமல் விட்ட வாயில் வழியாக வந்தாரா, ஊரறிந்த பெயரை ஊகித்து வேறெங்கிருந்தோ வந்தாரா என்று தெரியாது. பின்னால் நின்றவர்மேல் பழி சுமத்த என்னிடம் சான்றில்லை. கடிதங்களைக் கைப்பற்றியவர் முன்பே அழித்துவிட்டாரா, முகவரியோடு அழிந்தனவா, எங்கோ ஒரு கணினியில் இன்னும் கிடக்கின்றனவா என்பதும் தெரியாது. தமக்கை படிக்காமல் மிச்சம் வைத்திருந்தவை எத்தனை என்று அவளுக்கே தெரியாது.