நான் தீட்டிய சவரக்கத்தி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேய் பிசாசு என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். உத்தமபாளையத்தில் மோட்டார் ரீவைண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். தோட்டத்து மோட்டார் தானாக நிற்கிறது, முனி வேலை என்று பதறிக்கொண்டு வருவார்கள், போய்ப் பார்த்தால் ஸ்டார்ட்டருக்குள் பல்லி செத்துக் கிடக்கும். அப்படிப்பட்டவன் சொல்கிறேன் இதை. நம்பாவிட்டால் போங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

2004 தை மாதம் அது. அப்பா வாழைத்தோட்டத்து வாய்க்காலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து, அனுமந்தன்பட்டி வீட்டில் கட்டிலோடு கிடந்தார். ஒரு மாதத் தாடி. பிளாஸ்டிக் ரேசர் வைத்தால் கோழி ரோமம் பிடுங்குகிற மாதிரி இருக்கிறது என்று கையைத் தட்டிவிடுவார். சலூன் வைத்திருக்கும் என் சிநேகிதன் பாண்டியைக் கூப்பிட்டிருக்கலாம்தான். ஆனால் அந்த வாரம் சின்னமனூர் பழைய இரும்புக் கடையில் மோட்டார் காயிலுக்குச் செம்புக் கம்பி பொறுக்கப் போன இடத்தில் ஒரு மடக்குக் கத்தி கண்ணில் பட்டுவிட்டது. பிளேடு மாட்டுகிற இந்தக் காலத்துக் கத்தி இல்லை, முழு இரும்பில் அடித்த பழைய சவரக்கத்தி. கொம்புப் பிடி, அலகெல்லாம் துரு. மோட்டாரையே பிரித்து மாட்டுகிறோம், இதைத் தீட்ட முடியாதா, அப்பாவுக்கு நானே சவரம் செய்துவிடுகிறேன் என்று ஒரு வீம்பு. சொல்புத்தி கேட்கிற பழக்கம் எனக்கு அப்போதும் இல்லை, இப்போதும் இல்லை.

எடுத்த எடுப்பிலேயே கிரைண்டரில் வைக்கப் போனேன். நல்லவேளை, சூடேறினால் இரும்பின் பதம் போய்விடும் என்று ஞாபகம் வந்து நிறுத்தினேன். பிடியும் அலகும் சேரும் இடத்தில் கறுப்பு நூல் இறுக்கிச் சுற்றியிருந்தது. அழுக்கு நூல்தானே என்று அறுத்துப் போட்டேன். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, எமரி பேப்பரால் தேய்த்துத் துருவை எடுத்தேன். அடுத்து எண்ணெய்க்கல்லில் தீட்டினால் மூன்று முறையும் கத்தியின் வாய் மழுங்கிப் போனது. முடிவெட்டப் போனபோது பாண்டியிடம் கேட்டேன்.

"முதுகும் வாயும் ஒண்ணாக் கல்லுல படுக்கணும் மாப்ள. நீ முதுகத் தூக்கிருப்ப. கத்தியக் கொண்டா, பாப்போம்."

கொண்டுபோகவில்லை. நானே முடித்துக் காட்ட வேண்டும் என்று கௌரவம் பார்த்தேன். அவன் சொன்னபடி படுக்க வைத்துத் தீட்டி, பழைய தோல் பெல்ட்டை வைஸில் கவ்வவிட்டு அதில் முன்னும் பின்னும் இழுத்தேன். இழுக்க இழுக்க ரோஜா மாலையும் ஊதுபத்தியும் கலந்த வாடை வந்தது, ஏதாவது பாடை போகிறதா என்று ரோட்டை எட்டிப் பார்த்தேன். ஒன்றுமில்லை, டவுன் பஸ்தான் போனது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, பகல் பதினோரு மணி, பளீரென்று வெயில். அப்பாவுக்கு வைப்பதற்கு முன் என் முகத்தில் பார்த்துவிடுவோம் என்று கொல்லையில் கண்ணாடியை மாட்டி, சோப்பு நுரை போட்டு, கன்னத்தில் கத்தியை வைத்தேன். வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கியது. சந்தோஷத்தில் சிரித்தேன் என்று கூட நினைக்கிறேன். அப்போதுதான் என் தாடையை யாரோ பிடித்தார்கள்.

இரண்டு விரல். ஐஸ் மாதிரி. சலூனில் முகத்தைத் திருப்புவார்களே, அதே பக்குவத்தில் என் முகத்தை இடப்பக்கம் திருப்பியது. கண்ணாடியில் நான் மட்டும்தான் இருந்தேன். கத்த நினைத்தேன், வாய் திறக்கவில்லை. பிறகு என் மூக்கு நுனி தானாக மேலே தூக்கிக்கொண்டது. மீசை எடுக்கும்போது அப்படித்தான் தூக்குவார்கள். கத்தி என் கையில்தான் இருந்தது, கை என் பேச்சைக் கேட்கவில்லை. நாலே இழுப்பு, மீசை முழுவதும் போய்விட்டது. ஒரு சொட்டு ரத்தம் இல்லை.

எங்கள் பக்கம் அப்பா உயிரோடு இருக்கையில் மகன் மீசையில் கை வைக்க மாட்டான். கொள்ளி வைக்கிற அன்றைக்குத்தான் எடுப்பது. விரல்கள் விட்டதும் நான் போட்ட சத்தத்தில் என் மனைவி சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தாள்.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீக! மாமா உசுரோட இருக்காக, மீசைய எடுத்துட்டு நிக்கிறீக!"

அவளைத் தள்ளிவிட்டு அப்பாவிடம் ஓடினேன். கால் தரையில் பாவவில்லை. அப்பா போயிருப்பார் என்றே நினைத்தேன். அவர் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தார். ஒரு மாதத் தாடியைக் காணோம். மீசையைத் தவிர முகம் முழுவதும் மழுமழுவென்று, தாடைக்குக் கீழே ஈரத்தோடு.

"ஏலே, யாரைக் கூட்டியாந்த? நல்ல தொழில்காரன்டா. கைதான் சில்லுன்னு இருந்துச்சு. ஒத்த வார்த்த பேசாம முடிச்சுட்டு, இப்பத்தான் கொல்லப்பக்கம் போனான்."

வாசலில்தான் என் மகள் கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். யாரும் உள்ளே வரவும் இல்லை, வெளியே போகவும் இல்லை என்றாள். புள்ளி ஒன்றுகூடக் கலையவில்லை.

சாயங்காலம் கத்தியைப் பாண்டியிடம் கொண்டுபோனேன். வாங்க மாட்டேன் என்று கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

"நூலு சுத்தியிருந்துச்சா மாப்ள?"

தலையாட்டினேன்.

"எங்க வீட்ல அந்தக் காலத்துல, பாடையில ஏத்துறதுக்கு முன்ன எறந்தவுகளுக்குச் சவரம் பண்ணுற கத்தியத் தனியா வைப்பாக. உசுரோட இருக்கவுகளுக்கு மாத்தி எடுத்துறக் கூடாதுன்னு நூலு சுத்திருவாக. எறந்தவுகளுக்கு மொதல்ல, அப்பறம் மகனுக்கு. அதான் மொற."

அங்கிருந்து நேராகப் போய்க் கத்தியை முல்லையாற்றில் எறிந்தேன். பத்து நாள் துண்டால் வாயை மூடிக்கொண்டு திரிந்தேன். அப்படியும் மார்க்கையன்கோட்டைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, அப்பாவுக்குக் கருமாதி என்றைக்கு என்று கேட்டார்.

ஆறு வருஷம் ஆகிவிட்டது. அப்பா எழுந்து, கம்பு ஊன்றித் தோட்டம் வரைக்கும் நடக்கிறார், ஒரு வேளைச் சோறுகூடக் குறையவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு அவர் கன்னத்தில் ஒற்றை முடி முளைக்கவில்லை. தேனி டாக்டர் வயசுக் கோளாறு என்கிறார். அவர் படித்தவர், சொல்லிவிட்டுப் போகட்டும். தினமும் காலையில் எழுந்ததும் காப்பிகூடக் குடிக்காமல் போய் அப்பாவின் இரண்டு கன்னத்தையும் தடவிப் பார்க்கிறேன். சொரசொரப்பு தட்டினால் அந்தச் சில்லென்ற கை மறுபடி சவரத்துக்கு வந்துவிடுமோ, வந்தால் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாது.

என் மகனுக்கு என்மேல் எவ்வளவு பாசம் பாருங்கள் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.