பால்வாடியின் கீழே இருபத்தேழாம் கிணறு

பணி ஓய்வுக்கு எழுபத்தொரு நாள் இருந்தபோது, எங்கள் மாநகராட்சி மண்டல அலுவலகத்தின் பொதுக் கிணறுகள் பதிவேட்டை இணையதளத்தில் ஏற்றும் வேலை என்னிடம் வந்தது. யாரும் மனுப் போட்டுக் கேட்கும் முன்பே தகவல்களை நாமே வெளியிட வேண்டும் என்று உத்தரவு. மொத்தம் நாற்பத்து மூன்று கிணறுகள். மூடப்பட்டவை பன்னிரண்டு. எப்படி மூடப்பட்டது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குறிப்பு இருந்தது.

“குறிப்பெல்லாம் எவன்யா படிக்கப் போறான்? மூடப்பட்டதுன்னு மட்டும் போட்டு ஏத்து,” என்றார் உதவிப் பொறியாளர்.

அப்படியே செய்தேன். நாற்பத்து மூன்று வரிகளையும் மூன்று முறை எண்ணிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்.

ஒன்பதாம் நாள் நூர்ஜஹான் என்ற தையற்காரப் பெண் கைபேசியை நீட்டியபடி வந்தார். மயிலாப்பூர்ச் சந்து ஒன்றில் பால்வாடிக்கு அடுத்த வீடு.

“சார், இருபத்தேழாம் நம்பர் கிணறு எங்க பால்வாடி அட்ரஸ்ல கீது. மூடிட்டோம்னு போட்டுக்கீறீங்க. இன்னா போட்டு மூடினீங்க?”

“எதுக்கும்மா கேக்குறீங்க?”

“எம் பேரன் அங்கதான் மதியம் படுக்கிறான். கீழ யாரோ தண்ணி குடிக்கிறாங்கன்னு டெய்லி சொல்றான். புள்ள கதை உடுதுன்னு இருந்தேன். உங்க லிஸ்ட்டப் பாத்ததும் நேரா இங்க ஓடியாந்துட்டேன்.”

பொறியாளர் சிரித்தார். “பேய் கம்ப்ளெயின்ட்டுக்குத் தனி கவுண்டர்மா.”

“அந்தக் கவுண்டர்லயும் நீதான் குந்திக்கினு இருப்ப, நைனா.”

நான் பதிவேட்டைப் புரட்டினேன். பதினொரு கிணறுகளுக்கு ‘மணல் நிரப்பி மூடப்பட்டது’. இருபத்தேழுக்கு மட்டும் ‘பலகை இட்டு மூடப்பட்டது’. உடனே நூர்ஜஹானுடன் கிளம்பினேன்.

பால்வாடியில் அது தூக்க நேரம். பாயில் பத்தொன்பது குழந்தைகள். குனிந்து தரையைத் தட்டிக்கொண்டே போனேன். எட்டு ஓடுகளில் மொத்தென்ற சத்தம். ஒன்பதாவது நீளமாக முழங்கியது. காதை வைத்தேன். கீழே யாரோ ஒரு மடக்குத் தண்ணீர் விழுங்கும் சத்தம். ஆறு வரை எண்ணினேன். இன்னொரு மடக்கு.

பக்கத்தில் படுத்திருந்த சிறுமி கண்ணைத் திறக்காமலே சொன்னாள்: “தட்டாத தாத்தா. அது குடிச்சிக்கினு கீது.”

ஆயாவும் நாங்களுமாகக் குழந்தைகளை வெளியே கொண்டுவந்தோம். வாசலில் எண்ணினேன். பதினெட்டு. நூர்ஜஹானின் பேரன் திரும்ப உள்ளே போய், அதே இடத்தில் காது வைத்துப் படுத்திருந்தான்.

ஓடப் போன நூர்ஜஹானைத் தடுத்தேன். நான் நாற்பத்தெட்டு கிலோ, அவரைவிடக் குறைவு. ஏழு அடி வைத்தேன். ஏழாவதில் தரை அமுங்கியது. பையனின் காலைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன்.

“அது நிறுத்திடுச்சு,” என்று அவன் அழுதான்.

அன்று மாலையே ஓடுகளைப் பெயர்த்தார்கள். பலகை கையோடு பொடியாக வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தோம். இருபது அடிக்குக் கீழே தண்ணீர் அசையாமல் கிடந்தது. அலுவலகம் திரும்பியதும் பன்னிரண்டு குறிப்புகளையும் பொறியாளரே வாசித்துச் சொன்னார். நான் முழுதாக ஏற்றினேன்.

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். என் எண்ணிக்கையில் பிழையே இல்லை. நான் வெட்டிய ‘பலகை இட்டு’ என்ற இரண்டு சொற்களின் மேல்தான் பத்தொன்பது குழந்தைகள் படுத்திருந்தார்கள். உள்ளதை உள்ளபடி ஏற்றுங்கள். மற்றப் பதினொன்றில் மணல் கொட்டினார்கள் என்பதற்கும் பதிவேட்டின் எழுத்து ஒன்றுதான் ஆதாரம். அவற்றின்மேல் குடியிருப்பவர்கள் படித்துப் பார்க்கட்டும்.